257 ஹெர்ட்ஸில் ஒரு கோடு

2024 ஏப்ரலில் பெரியவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் இருக்கும் மகனைப் பார்க்க மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் வந்தவர், எனக்காக ஒரு மதியத்தை ஒதுக்கினார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸுக்கு மேல். மேலே காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்புவார்கள் என்றும், அந்தக் காற்று எந்த இடம் வரை வரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்றும் நாற்பது நிமிடங்கள் சொன்னார். 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கத்தைப் பற்றி நேற்று இறங்கி ஏறியவர் போலப் பேசினார்.

ஒலிப்பதிவைத் தொடங்குமுன் என் மேசைக்குக் கீழே பார்த்து, “மிஷினு ஓடிக்கினே கீதே தம்பி, பரவால்லியா?” என்று கேட்டார்.

“பரவாயில்லை ஐயா” என்றேன். கணினியில் முந்தைய இரவு தொடங்கிய வேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் பதினான்கு மணி நேரம் வீணாகும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கின் விலை இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. என் ஆய்வின் ஒரு பகுதி, தங்க வயல் தமிழில் சொல்லிறுதி உகரம் என்ன ஆகிறது என்பது. தமிழின் குற்றியலுகரம் இதழ் குவியாமல் தளர்ந்து ஒலிப்பது. கன்னடச் சொல்லிறுதி உகரம் குவிந்த முழு உகரம். இரு மொழிகளையும் அன்றாடம் பேசுபவரின் வாயில் இவ்விரண்டும் நெருங்குகின்றனவா என்பதே கேள்வி. விடையை உயிரொலியின் ஃபார்மன்ட்டுகளை அளந்து தேட வேண்டும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராட்’ மென்பொருளில் பெரியவரின் பேச்சைத் திறந்தேன். ஸ்பெக்ட்ரோகிராம் முழுவதிலும், அவர் பேசும்போதும் மூச்சு விடும்போதும், 257 ஹெர்ட்ஸை ஒட்டி நேர்க்கோடு ஒன்று ஓடியது.

அது என் கணினியின் விசிறி. ஏழு இறக்கைகள், நிமிடத்துக்கு 2,200 சுற்று. 2,200ஐ 60ஆல் வகுத்து 7ஆல் பெருக்கினால் 257. இகர உகரங்களின் முதல் ஃபார்மன்ட் ஏறத்தாழ இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். அழுத்தமான உயிரொலிகள் விசிறியை மீறி ஒலித்தன. சொல்லின் கடைசியில் மெலிந்து மறையும் குற்றியலுகரத்தில் மட்டும் கருவி பெரியவரின் குரலை விட்டுவிட்டு விசிறியை அளந்தது. நான் தேடி வந்த ஒலியே அதுதான்.

விசிறி ஏன் அவ்வளவு வேகமாகச் சுற்றியது? என் கணினியில் இருப்பது ரைசன் 9 5900எக்ஸ், பன்னிரண்டு கோர் செயலி. எழுத்துப்படியையும் ஒலியையும் பொருத்தி ஒவ்வோர் ஒலியின் எல்லையையும் குறிக்கும் ‘மான்ட்ரியல் ஃபோர்ஸ்டு அலைனர்’ எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். வாடகை சர்வரில் ஓட்டலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பேச்சாளர்களிடம் நான் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில், பதிவுகள் வெளியார் சர்வருக்குப் போகாது என்று இருக்கிறது. ஆகவே வீட்டில்தான். முழு வேலையில் இந்தச் செயலி 142 வாட் வரை எடுக்கும். அத்தனையும் வெப்பமாகவே வெளியேறும். என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. அந்த ஏப்ரலில் உள்ளே 34 பாகை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே சுற்றில் விசிறி தள்ளும் காற்று அந்த அளவுக்குக் குறைந்த வெப்பத்தையே சுமக்கும். செயலி தன் எல்லையான 90 பாகையைத் தொட்டபடியே இருந்தது; சிறிய டவர் கூலர் அதன் தலையில் நின்று அலறியது.

மூன்று வழிகள் இருந்தன. பெரிய இரட்டை டவர் கூலர். தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடிய ‘ஏஐஓ’. குழாய், பம்ப், தொட்டி எல்லாம் தனித்தனியே வாங்கிப் பூட்டும் முறை. மூன்றாவதற்கு எனக்குப் பணமும் இல்லை, பராமரிக்கும் பொறுமையும் இல்லை. முதலாவது என் கேபினெட்டின் கதவை மூட விடாது. எஞ்சியது ஏஐஓ.

நீரைப் பற்றி எனக்கும் ஒரு மயக்கம் இருந்தது. நீர் எதையும் தானாகக் குளிர்விப்பதில்லை. ஒரே கனஅளவில் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமப்பதால் அது நல்ல சுமைகூலி, அவ்வளவே. செயலியிடம் வாங்கிய வெப்பத்தை அகலமான ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது. பரப்பு பெரிதாக இருப்பதால் அங்கே விசிறிகள் மெதுவாகச் சுற்றினால் போதும். அறையின் வெப்பத்துக்குக் கீழே செயலி ஒருபோதும் போகாது. 142 வாட்டும் அதே அறைக்குள்தான் வந்து சேரும்.

எஸ்.பி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன். கன்னடத்தில் தொடங்கி, இந்தியில் விலை சொல்லி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறிய கடைக்காரர், “கலர் லைட் வேணுமா சார்? கொஞ்சம்தான் ஜாஸ்தி” என்றார். வேண்டாம் என்று 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட ஒன்றை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். அறைத்தோழன் சிரித்தான். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அந்த மார்ச்சில்தான் அறிவித்திருந்தது. “குடிக்கத் தண்ணி டேங்கர்ல வருது, நீ கம்ப்யூட்டருக்கு ஊத்துறியா?” உள்ளே இருப்பது ஒரு தம்ளர் அளவு, அதுவும் துருத்தடுப்பு மருந்து கலந்தது என்றேன்.

பூட்டும்போது கற்றவை இரண்டு. ஒன்று, ஏஎம்4 சாக்கெட்டில் பழைய கூலரை நேராக மேலே இழுக்கக் கூடாது. காய்ந்த தெர்மல் பேஸ்ட், செயலியையும் 1,331 ஊசிக் கால்களோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கணினியைக் கால் மணி நேரம் வேலை வாங்கிச் சூடேற்றி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகிக் கழற்றினேன். இரண்டாவதைக் காதால் கற்றேன். ரேடியேட்டரைக் கேபினெட்டின் முன்பக்கம், குழாய்கள் மேலே இருக்கும்படி பூட்டியிருந்தேன். இயக்கியதும் தொண்டையில் நீர் உருளுவது போன்ற களகள ஓசை. மூடிய சுற்றுக்குள்ளும் சிறிது காற்று இருக்கும். அது உச்சியில் போய்த் தங்கும். என் அமைப்பில் குழாய்வாய் இருந்ததும் அதே உச்சியில். நீரோடு காற்றும் பம்புக்குப் போய்வந்தது. கழற்றித் தலைகீழாக்கி, குழாய்கள் கீழே வரும்படி பூட்டினேன். ஓசை நின்றது.

இப்போது அதே வேலையில் செயலி 72 பாகை. விசிறிகள் நிமிடத்துக்கு 900 சுற்று. ஹெட்ஃபோனில் மாதக்கணக்கில் பேச்சைக் கேட்டுக் குறியிடும் எனக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் அமைதியான அறையைப் பதிவு செய்து பிராட்டில் திறந்தபோது கோடு மறைந்திருக்கவில்லை. மிக மங்கலாக, 135 ஹெர்ட்ஸில் இருந்தது. ஒன்பது இறக்கைகள், 900 சுற்று. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் நடமாடும் இடம் அது. வெப்பத்தைப் போலவே ஓசையையும் நான் இடம் மாற்றியிருந்தேன், குறைத்துமிருந்தேன், ஒழிக்கவில்லை.

பெரியவருக்கு என் அறையில் தேவைப்பட்டது 6,800 ரூபாய்ப் பொருள் அல்ல. அவர் கேட்டபோது கணினியை அணைத்திருக்க வேண்டும். சுரங்கத்தில் இயந்திரங்களுக்கு நடுவே வாழ்நாளைக் கழித்தவரின் காது கேட்டதை, ஒலியியல் படிக்கும் என் காது பொருட்படுத்தவில்லை.

மீண்டும் பதிவு செய்ய ஆகஸ்டில் தங்க வயலுக்கே போனேன். அன்போடு வரவேற்றார். இடையில் பற்களை எடுத்துவிட்டுப் பல்செட் பொருத்தியிருந்தார். அதே கதையைச் சொன்னார். ஒலிகள் வேறாக இருந்தன. அது இன்னொரு பதிவு, முந்தையதற்கு மாற்று அல்ல. ஏப்ரல் பதிவின் சொல்லிறுதி உகர அளவுகளை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிட்டேன். காரணத்தையும் ஆய்வுமுறை இயலில் எழுதியிருக்கிறேன்.

களப்பணிக்குப் புறப்படும் நண்பர்களுக்கு: பேச்சாளர் வருமுன் வெற்று அறையை ஒரு நிமிடம் பதிவு செய்து ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள். நேர்க்கோடு தெரிந்தால் எந்த இயந்திரம் என்று கண்டுபிடித்து அணையுங்கள். பதினான்கு மணி நேரக் கணிப்பை மறுநாள் மீண்டும் தொடங்கலாம்.