உப்பு விளையும் ஊரில் ஓராண்டு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? வழியில் ஓரிடத்தில் நிலமெல்லாம் கண்ணாடி பதித்தாற்போல் பளபளக்கும். "அதோ, உப்பு!" என்று குழந்தைகள் கூவுவார்கள். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கார் தாண்டிவிடும். அதுதான் மரக்காணம்!

நானும் அப்படித் தாண்டிப் போனவள்தான். 2017-ல் என் கணவர் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், எங்கள் சபையார் எங்கள் இருவரையும் ஓராண்டுத் தொண்டுக்காக அங்கே அனுப்பினார்கள். மாலை வேளையில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரவேண்டும்.

"இந்த வயதில் புது ஊரா? நல்ல காப்பிப் பொடிக்கு எங்கே போவது?" என்று முணுமுணுத்தேன்.

"உப்புக்குப் பஞ்சமிராது" என்றார் அவர்.

ஊர் லேசுப்பட்டதல்ல. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர்கள் கருத்து. பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளைக் காணலாம். ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. ஊரையடுத்துக் கழுவேலி ஏரி; மழை முடிந்ததும் அங்கே பறவைகளின் திருவிழாதான்! 2021-ல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

உப்பு எப்படி விளைகிறது, தெரியுமா? ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புத்தான் உண்டு. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுகிறார்கள். வெயில் நீரைக் குடிக்கக் குடிக்க உவர்ப்பு ஏறி, கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கிறது. அதைப் பலகையால் வாரி, கூடையில் சுமந்து மேட்டில் குவிக்க வேண்டும். நான் பார்த்தவரை சுமந்தவர்களில் பலர் பெண்கள்தாம். விடியுமுன்பே போய்விடுவார்கள்.

அடுத்த வீட்டுக்காரியும் அவர்களில் ஒருத்தி. "ஊறுகாய் போட எங்க அளத்துக் கல்லுப்புக் கொண்டாரேன், டீச்சரம்மா" என்று சொல்லியிருந்தாள்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் மாலை, இடி இடித்து மழை கொட்டியது. புழுக்கத்தில் வெந்து கிடந்த எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. திண்ணைக்கு ஓடி வந்து, "என்ன அருமையான மழை, பார்த்தாயா!" என்றேன் அவளிடம்.

அவள் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி, "பூத்த உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. இன்னும் பத்து நாளைக்கு வேலை இல்லே, டீச்சரம்மா" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் காலையில் வாசற்படியில் ஒரு பானை இருந்தது. நிறையக் கல்லுப்பு! மழைக்கு முன்பே எனக்கென்று எடுத்து வைத்திருந்தாளாம். காசு கொடுக்கப் போனேன். "ஊறுகாயிலே ரெண்டு துண்டு குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆண்டு மாங்காய் ஊறுகாயில் பாதி அவள் வீட்டுக்குத்தான் போயிற்று.

ஐப்பசி பிறந்தால் அளங்களில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. கேட்டபோது, அவள் முகம்தான் என் கண் முன் வந்தது.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை ஏறியது. சென்னையில் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தேன். முன்போல் ரசிக்க முடியவில்லை.

அடுத்த முறை அந்த வழியாகப் போனால், காரைச் சற்றே நிறுத்துங்கள், சகோதரிகளே. இறங்கி நின்று, கூடை சுமக்கும் அந்தப் பெண்களை ஒரு நிமிஷம் பாருங்கள். அப்புறம் குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடிப்போனால், கொட்டிவிட மனம் வராது!