தண்ணீரின் கணக்கு

கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்குத் தெற்கே மூடா ஆற்றை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் திகாம் பத்து. அவ்வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்களோடு சில பழம்பொருள்களும் ஊருக்குள் வந்து சேர்ந்தன. பெரியவர் ஒருவரின் புரோட்டோன் சாகா மகிழுந்து அவற்றுள் ஒன்று.

நாட்டின் முதல் தேசிய மகிழுந்தாகிய சாகா 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் வெளிவந்தது. மிதிவண்டியில் பால்வாளி கட்டிச் சென்ற தொழிலாளியின் மனத்திலும் அன்று ஓர் ஆசை முளைவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சில ஆண்டுகள் கழித்து வாங்கிய அந்த வண்டிதான் மகளை மணமேடைக்கும் மகனைக் கல்லூரிக்கும் கொண்டு சேர்த்தது. இப்போது அதற்கு வேறொரு கடமை. சிறுநீரகம் பழுதுபட்ட மனைவியை வாரத்தில் மூன்று நாள் சுங்கைப் பட்டாணிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நான்கு மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்கப்பட்டுக் களைத்துத் திரும்பும் அம்மையாருக்கு அவ்வண்டியின் பின்னிருக்கையே கட்டில்.

ஒரு நண்பகலில், வீடு திரும்பும் வழியில், வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. பெரியவர் மனைவியை மரநிழலில் அமர்த்தினார். சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதை அறிந்தவர் அவர். ஆகவே காத்திருந்தார். பிறகு எப்போதும் உடன் வைத்திருக்கும் புட்டியிலிருந்து குழாய்த் தண்ணீரை ஊற்றி ஒருவாறு வீடு வந்து சேர்ந்தார். "வண்டியை விற்றுவிடுங்கள், அப்பா" என்றான் மகன். பெரியவர் பதில் பேசவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போனார்.

பட்டறை இளைஞர் பழைய ரேடியேட்டரைக் கழற்றிக் காட்டினார். செம்பும் பித்தளையும் ஈயப்பற்றால் இணைந்த பழங்காலத்துப் பொருள் அது. மெல்லிய தகடுகள் உதிர்ந்திருந்தன. குழாய்களுக்குள் துருவும் உப்புப் படிவும் அடைத்திருந்தன.

"அலுமினியத்தில் புதிதாக ஒன்று போட்டுவிடலாம், ஐயா."

"செம்பைவிட அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்துமா, தம்பி?"

"இல்லை, ஐயா. செம்பு கடத்துவதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் கடத்தும். ஆனால் இது எடை குறைந்தது, உறுதியானது. அதனால் குழாய்களை அகலமாக அமைக்க முடிகிறது. சூட்டைத் தடுக்கும் ஈயப்பற்றும் இதில் இல்லை."

வேலை எளிதாக முடியவில்லை. வெளிச்சந்தையில் வாங்கிய அப்பொருள் பழையதைவிடத் தடிமனாக இருந்தது. தாங்கிகளின் துளைகள் ஒத்துவரவில்லை. விசிறியும் உரசும் நிலையில் நின்றது. இளைஞர் அதைத் தட்டித் திணிக்க முற்படவில்லை. தாங்கிகளைத் திருத்தினார், விசிறியைச் சற்று நகர்த்தினார், சாலையின் அதிர்ச்சி பற்றுகளை விரிசலுறச் செய்யாதபடி இரப்பர் மெத்தைகளை வைத்தார். அதற்கு முன்னரே, இயந்திரத்துக்குள் தேங்கியிருந்த துருநீரைத் தெளிவாகும்வரை கழுவி வெளியேற்றினார். இல்லையேல் பழைய அழுக்கே புதிய குழாய்களையும் அடைத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கண்டதும், "நம் வெப்ப நாட்டுக்கு அது வேண்டாம், எடுத்துவிடு" என்றார் பெரியவர். இளைஞர் உடன்படவில்லை. இயந்திரம் உரிய சூட்டை அடையாவிட்டாலும் தேயும், எரிபொருளும் வீணாகும். குளிர்விப்பது என்பது சூட்டை அளவோடு நிறுத்துவதே என்று விளக்கினார். புதிய மூடி ஒன்றையும் பொருத்தினார். அது தரும் அழுத்தத்தில் நீர் 120 பாகை செல்சியஸை நெருங்கும்வரை கொதிப்பதில்லை.

இறுதியாக அவர் சொன்னதுதான் பெரியவரைத் தைத்தது. "இனிமேல் குழாய்த் தண்ணீர் கூடாது, ஐயா. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. தண்ணீரிலுள்ள உப்புகள் அதை அரித்துவிடும். அரிப்பைத் தடுக்கும் கூலன்டை மட்டுமே ஊற்றுங்கள்."

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலைதோறும் மூடியைத் திறந்து, குறைந்த தண்ணீரைத் தம் கையாலேயே நிரப்பி வந்தவர் அவர். வண்டியின் மீது கொண்ட பற்றினால் செய்த பணி அது. அப்பற்றே வண்டியின் குழாய்களை அடைத்திருக்கிறது! அறியாது காட்டும் அன்பும் தீங்காகலாம் என்பதை உணர்ந்தபோது அவர் தலை கவிழ்ந்தது. வெறும் ரேடியேட்டரை மாற்றிப் பழைய பழக்கத்தை வைத்திருந்தால், புதியதும் சில ஆண்டுகளில் பழையதன் வழியே போயிருக்கும்.

அன்று மாலை செய்தியைக் கேட்ட மனைவி மெல்லச் சிரித்தார். மருத்துவர் கட்டளைப்படி நாள்தோறும் அளந்து தண்ணீர் குடிப்பவர் அவர். "எனக்குத்தான் தண்ணீர்க் கணக்கு என்றிருந்தேன். இனி வண்டிக்கும் கணக்கா?" என்றார்.

அடுத்த சிகிச்சை நாளின் நண்பகலில் சுங்கைப் பட்டாணி நெரிசலில் வண்டி நெடுநேரம் நின்றது. வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. பின்னிருக்கையில் அம்மையார் உறங்கிக்கொண்டிருந்தார். பழைய புட்டி இப்போதும் வண்டியில் இருக்கிறது. அதில் இருப்பது கூலன்ட். முன்மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதனை அடுத்து மாற்றவேண்டிய நாளைத் தோட்டப் பள்ளியில் கற்ற எழுத்தில் பெரியவர் அதில் எழுதி வைத்திருக்கிறார்.