நாடகக் கல்வியும் விடிய விடியக் கூத்தும்

பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பவர் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நாடகப் பிரதிகளை வாசிக்க வேண்டும். உடலையும் குரலையும் பழக்க வேண்டும். ஒரு நிகழ்வை முழுதாக மேடையேற்ற வேண்டும். வாசிப்புக்கு நூலகம் போதும். மேடையேற்றத்துக்கு அரங்கும் விளக்குகளும் கொஞ்சம் பணமும் இருந்தால் சமாளிக்கலாம். உடற்பழக்கம்தான் கடினமானது. அதற்கு ஆசான் வேண்டும், நீண்ட காலம் வேண்டும், நடிகரிடம் எந்தக் கடமையும் இல்லாத பார்வையாளர் வேண்டும். வகுப்பறையில் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் அவை ஒருசேரக் கிடைக்கும் இடம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக் கூத்து. திருத்தணியும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் தமிழ்நாட்டுக்குள் அந்தக் கூத்து நிலத்தின் வட எல்லைப் பகுதி.

தமிழில் நாடகக் கல்வி ஏட்டிலிருந்து தொடங்கியது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. அது படிப்பதற்கென்று எழுதப்பட்ட செய்யுள் நாடகம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தமிழாசிரியர் பரிதிமாற் கலைஞர் 1897இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலைச் செய்தார். மனோன்மணீயம் வந்த அதே 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் அமெச்சூர் நாடகக் குழுவான சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நடிகரின் பயிற்சியோ இவை எல்லாவற்றுக்கும் வெளியே, நாடகக் கம்பெனிகளில் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் பாட்டு, வசனம், சந்தம் எல்லாவற்றையும் மனப்பாடமாகக் கற்றார்கள். கண்டிப்பு மிகுந்த, பல வேளை கொடிய பயிற்சி அது. ஆனாலும் தமிழ் நடிகருக்கென்று ஒரு பாடத்திட்டம் முதலில் உருவானது அங்கேதான் என்று சொல்ல இடமுண்டு.

ஏடும் உடலும் பல்கலைக்கழகத்துக்குள் சந்தித்த இடங்களில் முன்னோடியானது இலங்கையின் பேராதனை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்டது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. வட்டக்களரி படச்சட்ட மேடைக்கு வந்தது. கர்ணன் போர், இராவணேசன் ஆகியவை அப்படி உருவானவை. மாணவராக இராவணன் வேடமிட்ட சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பில் நாடகப் பேராசிரியரானார். இந்தியப் பக்கத்தில், தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற சே. இராமானுஜம் மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளையுடன் சேர்ந்து 1977இல் காந்திகிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை ஒரு தலைமுறையையே நாடகத்துக்குக் கொண்டுவந்தது. 1981இல் அமைந்த தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் அவர் கற்பித்தார். 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதியின் தலைமையில் நிகழ்கலைப் பள்ளி தொடங்கியபோது அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரே இடப்பட்டது. கம்பெனி வாத்தியார் ஒருவரின் பெயரைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது சிறிய செய்தி அல்ல.

சுவாமிகளின் நாடகங்களில் இன்றும் மிகுதியாக ஆடப்படுவது வள்ளி திருமணம். முருகன் வள்ளியை மணந்து கோபம் தணிந்து அமர்ந்த மலை என்று புராணம் சொல்லும் இடம் திருத்தணி. ஆயினும் அந்தக் கதை ஸ்பெஷல் நாடகமாக இரவு முழுதும் நடப்பது மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில். நாரதரும் வள்ளியும் தனித்தனி ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் அன்றிரவே சந்தித்து, தர்க்கத்தில் ஒருவரையொருவர் மடக்குவார்கள். திருத்தணி மலைக்கு ஆடிக் கிருத்திகையில் காவடிகள் ஏறும். ஆண்டின் நாட்களுக்கு ஈடாகச் சொல்லப்படும் 365 படிகளில் டிசம்பர் 31 இரவு திருப்புகழ் பாடிக்கொண்டு அடியார்கள் ஏறுவார்கள். மலையடிவாரத்து ஊர்கள் கண் விழித்திருப்பதோ திரௌபதி அம்மன் கோயில் விழாவின் பாரதக் கதைக்காக. நாடக மாணவர் இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தலத்தின் புராணமும் அந்த ஊர் ஆடும் கதையும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிக் களப்பணிக்கு வருபவர்கள் பலர்.

பாரத விழாவின் அமைப்பு தெளிவானது. பங்குனிக்குப் பின் தொடங்கும் கோடைக் காலத்தில் கொடியேறும். பகலில் வில்லிபாரதத்தை ஒட்டிய பிரசங்கம். இரவு பத்து மணிவாக்கில் கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுகள் நகரும். தபசு நாளில் நடிகர் நட்டு வைத்த உயர்ந்த மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் காலை படுகளம்: வெட்டவெளியில் மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் ஓடுவார்கள், தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள், துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைப்பாள். மாலையில் தீமிதி. பகல் பிரசங்கம், இரவுக் கூத்து, காலைச் சடங்கு என ஒரே கதை மூன்று வடிவங்களில், ஒரே மக்களின் முன் நடக்கிறது. ஒப்பியல் அரங்கு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

கற்பவர் முதலில் போக வேண்டிய இடம் ஒப்பனைக் கொட்டகை. முகம் எழுதுவதற்கே நெடுநேரம் ஆகும். ஒவ்வொருவரும் கண்ணாடியைப் பிடித்துத் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார்கள். அரிதாரம் தேங்காயெண்ணெயில் குழைந்து முகத்தில் ஏறும். பிறகு கோடுகள், புள்ளிகள், மீசை. அதன்பின் கட்டை வேஷம்: கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம். கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கியவைதான். என்றாலும் எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இடுப்புக்குக் கீழே துணிகளைச் சுற்றி விரித்த பிறகு, நடிகரின் உடல் சாதாரண உடலாக நடக்க முடியாது. தோள் அகலும், கழுத்து நிமிரும், காலடி தரையை ஓங்கி மிதிக்கும். அரசனின் நடை ஆடையின் எடையிலிருந்தே பிறக்கிறது. பாத்திரத்தின் நடையை மனத்தால் தேடிப் பல மாதங்கள் செலவிடும் மாணவர், ஒருமுறை இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடிப் பார்த்தால் போதும். வெளியிலிருந்து உள்ளே செல்லும் வழியும் ஒன்று உண்டு என்பது உடலுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது திரை. இருவர் பிடித்த துணிக்குப் பின்னால் வேஷக்காரர் நிற்பார். முதலில் குரல் வரும், கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை கேட்கும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கேள்வி கேட்பான், பதில் பாட்டாக வரும். அந்தப் பாட்டில் நடிகர் தம் பாத்திரத்தைப் படர்க்கையில் பாடுவார். துரியோதனன் வருகிறான் என்று துரியோதன வேஷக்காரரே அறிவிப்பார். திரை விலகியதும் வேகமான அடவுகள், கிறிக்கி என்னும் சுழற்சி, மீண்டும் பாட்டு. பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு வரியையும் வாங்கிப் பாடுவதால் நடிகருக்கு மூச்சு வாங்க இடைவெளி கிடைக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை ஆகிய அனைத்தும் நடிகரின் காலைப் பார்த்தே நகர்கின்றன.

1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைப் பார்த்த பிரெக்ட், நடிகர் பாத்திரத்திலிருந்து விலகி நின்று அதைக் காட்டும் முறையைப் பற்றி எழுதினார். நாடகத் துறைகளில் தவறாமல் கற்பிக்கப்படும் பாடம் அது. கூத்தின் திரை வரவைப் பார்க்கும் மாணவர், இதோ அந்த விலகல் என்று உடனே குறித்துக்கொள்வார். பாதி சரி. அதே விழாவில், துகில் உரிதல் இரவிலோ படுகளத்திலோ, திரௌபதி வேஷக்காரருக்கோ துரியோதனன் வேஷக்காரருக்கோ சாமி வந்துவிடுவதும் உண்டு. மற்றவர்கள் ஓடிவந்து பிடிப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள். சிறிது நேரத்தில் அவரே எழுந்து விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்வார். விலகி நின்று காட்டும் நடிகரும் தன்னை இழக்கும் நடிகரும் ஒரே ஆள், ஒரே இரவில். பிரெக்டின் சொல்லும் இதை முழுதாக விளக்காது, பக்தி என்ற ஒற்றைச் சொல்லும் விளக்காது. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இக்கூத்தைப் பற்றிய ரிச்சர்ட் ஃப்ராஸ்காவின் நூலும் ஹன்னே டி ப்ருயினின் நூலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழ் மாணவர்கள் தங்கள் மொழியில் இந்த நடிப்பு முறையை அடவு அடவாக எழுதி வைப்பது அவசரமான வேலை.

கட்டியக்காரன் தனியாகக் கற்க வேண்டிய பாடம். அவன் அறிவிப்பாளன், வாயிற்காவலன், தேரோட்டி, ஊராரின் பிரதிநிதி. தூக்கம் கண்ணைச் சுழற்றும் பின்னிரவில் கூட்டத்தை எழுப்பி உட்கார வைப்பவனும் அவனே. அரசன் மிடுக்கோடு பேசி முடித்ததும், அன்றைய ஊர் விவகாரத்தை இழுத்து ஒரு வார்த்தை போடுவான். எந்த வார்த்தை எந்தக் கூட்டத்தில் எடுபடும் என்பதை அவனுக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

திருத்தணி வட்டாரத்தில் இந்தத் திறமைக்கு இன்னொரு சுமையும் உண்டு: மொழி. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி, புத்தூர்ப் பக்கங்கள் ஆந்திரத்தில் நின்றன. கோடு அரசாங்கத்துடையது, கூத்துக்கு அந்தக் கோடு இல்லை. தர்மராஜா கோயில்களின் பாரத விழா எல்லைக்கு அப்பாலும் நடக்கிறது. இதே கட்டை வேஷம், இதே படுகளம், பாட்டு மட்டும் தெலுங்கு. வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். இரு மொழிக் கூட்டத்தின் முன் ஒரு நகைச்சுவை எப்படிப் போய்ச் சேர்கிறது, பாட்டின் சொல் புரியாதவருக்கு அடவு எதைக் கொண்டுபோகிறது என்பவற்றை இங்கே நேரில் கவனிக்கலாம். தமிழ் நாடகத் துறைகளும் தெலுங்கு நாடகத் துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய ஆய்வு இது.

களப்பணிக்கு முறை உண்டு. அன்றைய கதைப்பகுதியை வில்லிபாரதத்தில் படித்துவிட்டுப் போக வேண்டும். பிற்பகல் பிரசங்கத்துக்கே போய் உட்கார வேண்டும். இரவில் சிறிது நேரம் கூட்டத்தில், சிறிது நேரம் தாளக்காரர் பக்கத்தில், சிறிது நேரம் கொட்டகையில் என்று இடம் மாற வேண்டும்; ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கூத்து வேறு கூத்து. வீடியோ எடுப்பதற்கு வாத்தியாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும், விளக்கை நடிகரின் முகத்தில் அடிக்கக் கூடாது. ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்கு உரிய பணத்தைத் துறை கொடுக்க வேண்டும். பதிவின் ஒரு படியை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவர்களின் இரவு உழைப்பை வைத்து முனைவர் பட்டம் வாங்குபவர் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை இது.

கொடுக்க வேண்டியதும் பல்கலைக்கழகத்திடம் உண்டு. கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது வழக்கம். நாடகத் துறைகளில் பெண்கள் படிக்கிறார்கள், இயக்குகிறார்கள். காஞ்சிபுரம் அருகே பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் சிறுமிகளும் முறையாக வேஷம் கட்டக் கற்றார்கள். கட்டைகளின் எடை பெண்ணுடலுக்கு ஆகாது என்ற பேச்சுக்கு அது நேர் பதில். கூத்திடம் நவீன நாடகம் பட்ட கடனும் உண்டு: கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரான் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவின் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்ததிலிருந்து நவீன நாடகத்துக்குப் புதிய உடல்மொழி கிடைத்தது. சாதியைப் பற்றிய கேள்வியையும் துறை தயங்காமல் கேட்க வேண்டும்: யார் ஆடலாம், யார் எங்கே உட்காரலாம், எந்தத் தெரு விழாவுக்கு வெளியே நிற்கிறது என்பவையும் அரங்கவியல்தான்.

ஆசிரியர் நியமனமும் தேர்வு முறையும் இதற்கேற்ப மாற வேண்டும். கூத்து வாத்தியாரிடம் பட்டம் இருப்பது அரிது. பட்டமில்லாதவரை நிரந்தர ஆசிரியராக்கப் பல்கலைக்கழக விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. சில நாட்கள் பட்டறை நடத்தவே அவர் அழைக்கப்படுகிறார். அடவு கற்பிக்க அவருக்குக் குறைந்தது ஒரு பருவம் முழுவதும் வேண்டும். செய்முறைத் தேர்வில் புறத்தேர்வாளராக அவர் உட்கார வேண்டும். மாணவரின் காலடி தாளத்தில் விழுகிறதா, குரல் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குப் போகிறதா என்று மதிப்பெண் போட அவரைவிடத் தகுந்தவர் இல்லை. இறுதியாண்டுத் தயாரிப்புகளில் ஒன்றையாவது துறை அரங்கை விட்டு வெளியே கொண்டுவந்து, திருத்தணி, பள்ளிப்பட்டு போன்ற எல்லைப்புற ஊர் ஒன்றில், அனுமதிச் சீட்டு இல்லாமல், இரவு பத்து மணிக்குத் தொடங்கி ஆட வேண்டும்.