எங்கள் ஊர்க் களைகள்

போன மாதம் இந்தப் பலகையில் நிறைய பேர் பூக்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் களையைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க. எங்க அம்மா களையெடுக்கப் போகிறவர். அந்தக் கூலியில் வாங்கின பேனாவில்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா களையைப் பார்த்தே நிலத்தைச் சொல்லிடுவாங்க. தண்ணீர் நிற்கிற பள்ள வயல் என்றால் குதிரைவாலிப் புல். சின்னதில் அது நெல்லு மாதிரியே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிசாய் ஒரு சவ்வு உண்டு, இதற்குக் கிடையாது. நான் லீவில் கூடப் போய் முதல் நாள் நெல்லையே பிடுங்கி நல்லா திட்டு வாங்கினேன். மேட்டுக்காட்டில் மழை விழுந்ததும் சாரணை தரையோடு படரும். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு. உழும்போது கிழங்கு அறுந்து, டிராக்டர் சேற்றோடு அடுத்த வயலுக்கும் போயிடும். "கோடை உழவு போட்டு வெயில்ல காய விட்டாத்தான் அது அடங்கும்" என்பார் அம்மா.

மண்ணும் மழையும் மட்டும் காரணம் இல்லை. சீமைக்கருவேலங்காயை ஆடு தின்று, புழுக்கையில் விதையைப் போடுகிறது. எங்க வீட்டு ஆடும்தான்!

பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று அறிவியல் டீச்சர் சொன்னாங்க. 1950-களில் புனேயில் அதைக் கண்டார்களாம். இறக்குமதி கோதுமையோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை. எங்க ஊரில், ரோடு போடக் கிராவல் கொட்டின இடத்தில்தான் முதலில் முளைத்தது. எங்க தெருவுக்குள் அது இல்லை. அதைக் கொண்டு வந்தது நான்.

ஏழாவது படிக்கும்போது ஆசிரியர் தினத்துக்கு ரோஜா வாங்கக் காசு இல்லை. ரோட்டோரம் குட்டி குட்டியாய் வெள்ளைப் பூ. பறித்து, நடுவில் செம்பருத்தி வைத்து நூலால் கட்டினேன். டீச்சர் அழகா இருக்குன்னு சொன்னாங்க. மிச்சத்தை வீட்டில் டம்ளரில் வைத்து, வாடினதும் குப்பைக்குழியில் போட்டேன். முற்றின பூவும் அதில் இருந்திருக்கும். அந்த எரு எங்க கத்திரிப் பாத்திக்குப் போனது. அடுத்த மழையில் கத்திரிக்கு நடுவே அதே செடி!

அம்மா வெறும் கையால் மூணு நாலு தடவை பிடுங்கினாங்க. அப்புறம் கை, கழுத்து எல்லாம் தடித்து ராத்திரி முழுக்க அரிப்பு. ஆஸ்பத்திரியில் இந்தச் செடியால்தான் என்றார்கள். பத்து நாள் கூலிக்குப் போகவில்லை. "எங்கிருந்துடி வந்துச்சு இது?" என்று அம்மா கேட்டாங்க. நான் ஆட்டுக்குத் தழை போடுகிற மாதிரி எழுந்து போயிட்டேன்.

இப்போ பூ விடும் முன்னாடியே, கையில் பாலித்தீன் பை கட்டிக்கொண்டு நான்தான் பிடுங்குகிறேன். ஈர மண்ணில் வேரோடு வந்திடும். நம்ம பள்ளித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடியும் நாலு செடி பார்த்தேன், இன்னும் பூக்கலை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வருகிறவர்கள் பை கொண்டு வாங்க.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது, இந்தப் பலகை முன்னால் நிறுத்தி நானே வாசித்துக் காட்டப் போகிறேன். அதுவரை யாரும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவி