சத்து மாத்திரைதானே!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் அதை வெறுங்காலோடு சுற்றி வருகிறவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். மறுநாள் முழங்கால் பிடித்துக்கொண்டால், 'கால்சியம் குறைச்சல்' என்று தாங்களே முடிவுகட்டி மெடிக்கலில் ஓர் அட்டை வாங்கிக்கொள்வது இந்த ஊர் வழக்கம் மட்டுமில்லை, தமிழ்நாட்டு வழக்கமே. கேட்டால், "சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்பார்கள். அந்த வயதில் நெடுந்தூரம் நடந்தபின் வரும் மூட்டு வலிக்குப் பெரும்பாலும் குருத்தெலும்புத் தேய்மானமும் தசை அசதியுமே காரணம். கால்சியம் அதைச் சரிசெய்யாது. அதற்காக மாத்திரையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்து சாப்பிட்டால்தான் அது பாதுகாப்பானது என்பதே என் கட்சி.

நான்குக்கும் பதிலோடு வரும் மாத்திரை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வகுத்த நெறிமுறைப்படி, கர்ப்பிணிக்கு 14-வது வாரம் முதல் பிரசவமாகி ஆறு மாதம் வரை நாளுக்கு இரண்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியம், 250 யூனிட் வைட்டமின் டி3. வெறும் வயிற்றில் போடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தும் போடக் கூடாது. இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் குறைத்துவிடும். சாப்பாட்டில் கால்சியம் குறைந்த பெண்களுக்கு, கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறான ப்ரீஎக்ளாம்ப்சியாவின் ஆபத்தை இது குறைக்கிறது. அதிலும் அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்றில்லை. பெங்களூரிலும் தான்சானியாவிலும் நடந்து 2024-ல் வெளியான ஆய்வுகளில், இந்தக் கோளாறைத் தடுப்பதில் தினம் 500 மில்லிகிராம் 1,500-க்குச் சளைக்கவில்லை.

"நம் சாப்பாட்டில் கால்சியம் குறைவு என்று நீங்களே சொல்கிறீர்கள், எல்லோரும் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். குறைவு உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு குறைவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் என்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. அரை லிட்டர் பாலோ தயிரோ சேர்ந்தால் இன்னொரு 600. களியும் மோரும் கீரையுமாகச் சாப்பிடுகிறவருக்கு மாத்திரை நிரப்ப வேண்டிய இடமே இல்லை. சோறும் இரண்டு வேளை காபியுமாக ஓட்டுகிறவருக்குப் பள்ளம் பெரிது. சிறுதானியம் என்று பொதுவாகச் சொல்லியும் தப்பிக்க முடியாது: ஜவ்வாது மலைச் சாமையில், அதற்கு வேறு நற்குணங்கள் இருந்தாலும், கால்சியம் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம்கூடத் தேறாது. மாத்திரை அட்டையிலும் இதே கவனம் வேண்டும். 'கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி.' என்று இருந்தால் அதில் கால்சியம் 500 மட்டுமே. ஒரே வேளையில் அதற்கு மேல் போட்டால் உடம்பு ஏற்கும் விகிதம் குறைகிறது.

பள்ளம் இல்லாத இடத்தில் கொட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் சுமார் ஏழு ஆண்டு நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. தினம் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்தும் இடுப்பெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை; சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. அந்தப் பெண்களில் பலர் சாப்பாட்டிலேயே போதிய கால்சியம் பெற்றவர்கள் என்று ஆட்சேபிப்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்: குறை இல்லாதவருக்கு நிறை சேர்த்துப் பயனில்லை.

"மிஞ்சினது சிறுநீரில் போய்விடும்" என்ற சமாதானம் வைட்டமின் சி-க்கு ஓரளவு பொருந்தும். கொழுப்பில் கரையும் ஏ-யும் டி-யும் உடம்பிலேயே தங்கும். வெயில் கொளுத்தும் ஊரிலும் டி குறையும். வெயில் தோலில் பட வேண்டுமே. இரவில் சுற்றும் கிரிவலம் புண்ணியம் தரலாம், வைட்டமின் டி தராது. அதற்காக மருத்துவர் எழுதும் 60,000 யூனிட், வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு மட்டும். பெரியவர்கள் தாமாக எடுத்துக்கொள்ள நாளுக்கு 4,000 யூனிட்தான் உச்ச வரம்பு. வாரம் ஒன்று என்ற கணக்கே அதைப்போல் இரு மடங்கு. தெரியாமல் தினம் ஒன்று போட்டால் 15 மடங்கு. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே இறங்காது. தண்ணீரில் கரையும் பி6-ம் சாது அல்ல. கால் எரிச்சலுக்கென்று அதிக அளவில் மாதக்கணக்காக விழுங்கினால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகும்.

இதற்கெல்லாம் டாக்டரிடம் போகப் பணமும் நேரமும் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இந்த ஊர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. நான்கு கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் அட்டை வாங்குவதைத் தள்ளிப்போடலாம். கேட்டுவிட்டு வரும் ஒரு வாரத்தில் எலும்பு ஒன்றும் கரைந்துவிடாது.