மறதி எங்கள் குற்றமல்ல

"என்ர மூளை பழுதாப் போச்சு மிஸ். அடுப்பிலை பாலை வைச்சிட்டு மறந்துபோறன்."

சென்ற வருடம் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா இப்படிச் சொன்னார். 2009இல் காணாமல்போன மகனின் படமும் கடிதங்களும் இருந்த பையை அவர் வீடெல்லாம் தேடினார். பை அவருடைய தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனம் முந்திய வீட்டில் கேட்ட கதையில் நிற்பதுண்டு. அதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

இது பற்றித் தேடியபோதுதான் அமிஷி ஜா என்ற பெண் ஆய்வாளரை அறிந்தேன். இந்தியாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்றவர். மயாமிப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். மூளையும் கவனமும் பற்றி ஆராய்பவர். இளம் தாயாக, விரிவுரையாளராக ஓடித்திரிந்த காலத்தில், மன அழுத்தத்தால் பல்லைக் கடித்துக் கடித்து அவருடைய பற்களில் உணர்ச்சியே அற்றுப்போனதாம். மகனுக்குக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டும்போது அவன் கேட்ட கேள்விக்கு அவரிடம் விடை இருக்கவில்லை. வாய் வாசித்தது, மனம் அங்கே இல்லை. அதன்பின்பே அவர் மனவிழிப்புப் பயிற்சியை ஆராயத் தொடங்கினார்.

பயிற்சி மிக எளியது. அமைதியாக இருந்து மூச்சைக் கவனிப்பது. மனம் ஓடிவிட்டால், ஓடியதை அறிந்து, கோபிக்காமல் திரும்ப அழைத்துவருவது. கவனத்தை அவர் கைவிளக்குக்கு ஒப்பிடுகிறார். வெளிச்சம் எங்கே விழுகிறதோ அதுவே எமக்குத் தெரியும்.

ஈராக் போருக்குப் புறப்படவிருந்த அமெரிக்க மரைன் படையினரிடம் அவரது குழு நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. 31 பேருக்கு 8 வாரப் பயிற்சி. 17 பேருக்குப் பயிற்சி இல்லை. செய்யும் வேலைக்கு வேண்டியதை மனதில் பிடித்துவைத்திருக்கும் ஆற்றல், பயிற்சி பெறாதவர்களிடம் அந்த நெருக்கடிக் காலத்தில் குறைந்தது. பயிற்சி பெற்றும் வீட்டில் ஒழுங்காகச் செய்யாதவர்களிடமும் குறைந்தது. ஒழுங்காகச் செய்தவர்களிடம் அது கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நீண்ட நெருக்கடி மனதைத் தேய்க்கக்கூடும் என்பதை அது காட்டுகிறது. அந்த அம்மாவின் மறதியை அவருடைய குறையாக இனி என்னால் பார்க்க முடியாது.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் ஒரு கேள்வி என்னை உறுத்தியது. போருக்குப் போகிறவனின் மனதைக் காக்க ஆய்வு நடக்கிறது. போர் யாருடைய வீட்டில் வந்து விழுகிறதோ, அந்தப் பெண்ணின் மனதைக் காப்பது யார்?

படித்த உற்சாகத்தில் அடுத்த முறை அந்த அம்மாவிடம், "கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கோ அம்மா" என்றேன். சிறிது நேரத்தில் அவர் என் கையைப் பிடித்தார்.

"கண்ணை மூடச் சொல்லாதேங்கோ மிஸ். மூடினால் அவன்தான் வாறான்."

பனடோல் கொடுப்பதுபோல நான் இதைக் கொடுத்துவிட்டேன். பிரவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லோபி பிரிட்டன் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர்தான் வாசித்தேன். தியானத்தின்போது சிலருக்குப் பயமும் பழைய உளக்காயங்களின் நினைவும் எழலாம் என்பதை அது பதிவுசெய்திருக்கிறது.

இப்போது நான் யாரையும் கண்ணை மூடச் சொல்வதில்லை. கண் திறந்திருக்கலாம். மூச்சு வேண்டாமென்றால், பாதம் நிலத்தில் படுவதைக் கவனிக்கலாம். விரும்பிய நேரத்தில் நிறுத்தலாம். பயமோ நித்திரையின்மையோ தொடர்ந்தால் உளவளத்துணையாளரையோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடவேண்டும். மறதி கூடிக்கொண்டே போனால் வைத்தியரிடம் காட்டவேண்டும். வேறு நோயும் காரணமாக இருக்கலாம்.

அந்த அம்மா இப்போது விடியற்காலையில் முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றின் சத்தத்தைக் கவனிக்கிறார். "அந்தக் கொஞ்ச நேரம் நான் முற்றத்திலை நிற்கிறன் மிஸ்" என்றார்.

மகன் எங்கே என்ற கேள்விக்கு மூச்சு பதில் தராது. பதில் சொல்லவேண்டியவர்கள் வேறு. ஆனால் அந்தக் கேள்வியைச் சுமந்து நடக்கும் தாய்க்கு அவளுடைய மனம் வேண்டும். தோழியரே, மறதி வந்தால் உங்களைத் திட்டாதீர்கள். உங்கள் மனம் எவ்வளவு காலமாகப் பாரம் தூக்குகிறது என்பதை முதலில் நினைத்துப்பாருங்கள்.