பேசும் பலகை

பேசாத குழந்தை உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள் தவறாமல் ஒரு காரியம் செய்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? குழந்தையை எதிரில் வைத்துக்கொண்டே, "பாவம், இதற்கு ஒன்றும் புரியாதோ?" என்று அதன் தாயாரிடம் விசாரிப்பார்கள். காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் ஏழு வருஷமாக இதே விசாரணைதான். அவள் பேரனுக்குப் பெருமூளை வாதம். கை நடுங்கும், வாயிலிருந்து வருவது சொல்லாக உருவெடுக்காது. கண் மட்டும் எல்லோரையும் துரத்திக்கொண்டே இருக்கும்.

சென்ற வருஷம் அந்த வீட்டுக்கு ஒரு டேப்லெட் வந்தது. அதில் 'ஆவாஸ்' என்று ஒரு செயலி. ஹிந்தியில் குரல் என்று அர்த்தமாம். திறந்தால் கட்டம் கட்டமாகப் படங்கள். பால் படத்தைத் தொட்டால் "பால்" என்று கணீரென்று சொல்கிறது. 'எனக்கு', 'பால்', 'வேண்டாம்' என்று மூன்றைத் தொட்டால் பாட்டியின் பாடு திண்டாட்டம்தான்!

இது சீமைச் சரக்கு என்று நினைத்து விடாதீர்கள். செய்தவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன். பூனம் நடராஜன் அம்மையார் 1985-ல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் நிலையத்துக் குழந்தைகளோடு பழகி உருவாக்கியது. முதலில் தனிக் கருவியாக இருந்து, 2012-ல் ஐபேடுக்கு வந்தது. அதற்கு முந்தின வருஷமே அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் பத்திரிகை, 35 வயதுக்கு உட்பட்ட புதுமையாளர்கள் வரிசையில் அவரைச் சேர்த்துக் கொண்டது.

நாத்தனாருக்கு ஒரு பயம். "மெஷினே பேசிவிட்டால் பையன் எதற்கு வாயைத் திறப்பான்?" என்றாள். உங்களில் பலருக்கும் அதே பயம் வரும். 2006-ல் மில்லர், லைட், ஷ்லாஸர் என்ற மூவர் பழைய ஆராய்ச்சிகளை எல்லாம் சலித்துப் பார்த்தார்கள். நம்பத் தகுந்த முறையில் கவனிக்கப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக் கூடப் பேச்சுக் குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது.

ஆனால் பலகை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. முதல் மாதம் அது பீரோ மேல்தான் தூங்கியது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் வந்து, "அவன் கையைப் பிடித்து அழுத்த வைக்காதீர்கள். நீங்கள் பேசும்போது நீங்களே தொட்டுக் காட்டுங்கள்" என்றாள். நியாயம்தானே? நம் குழந்தைகள் ஒரு வருஷம் காதால் கேட்ட பிறகல்லவா "அம்மா" என்கின்றன! அன்று முதல் மாட்டுப் பெண் இட்லி வைக்கும்போது இட்லியைத் தொடுவாள். குளிக்கக் கூப்பிடும்போது சொம்பைத் தொடுவாள். பையனுடைய மாமா, வீட்டுச் சாமான்களையே போட்டோ பிடித்து ஏற்றினான். தறி, நாடா, ஜரிகைக் கண்டு, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி.

ஐப்பசி மாதம் ஒரு நாள். தாத்தாவுக்குக் கால் வீக்கம். மூன்று நாளாகத் தறி ஓடவில்லை. குழந்தையிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லத் தோன்றவும் இல்லை. அவன் மெல்லக் கையை நகர்த்தி, 'தாத்தா' என்றான். பிறகு 'தறி'. வெகு நேரம் தேடி, 'வலி'. தறிக் குழியில் உட்கார முடியாதபடி தாத்தாவுக்கு வலி என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது! கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவனை வைத்துக்கொண்டு அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டேப்லெட்டுக்கு எங்கே போவது என்கிறீர்களா? நாத்தனார் புடவைப் பெட்டி அட்டை ஒன்றில் இருபது படங்களை ஒட்டி வைத்திருக்கிறாள். அதற்குக் குரல் இல்லை. பார்க்கிறவர்தான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மழைக்கு மின்சாரம் போய், டேப்லெட்டில் சார்ஜும் தீர்ந்து விட்டால், பையன் அந்த அட்டையைத்தான் இழுத்து மடியில் வைத்துக் கொள்கிறான்.